பிரிந்த கதைக்கு இரண்டரை மணி நேரம், ஆண்ட கதைக்குப் பத்து நிமிடம்: பிலடெல்பியாவில் ஒரு நடைச்சுற்றுலா

பிலடெல்பியாவின் பழைய நகரப் பகுதியில் தனியார் நிறுவனங்கள் நடத்தும் நடைச்சுற்றுலாக்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு, சென்ற ஆண்டு செப்டம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த என் தந்தையை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்பா அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். அமெரிக்கப் புரட்சியைப் பத்தாம் வகுப்புக்கு எத்தனை முறை நடத்தியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. கட்டணம் ஆளுக்கு 42 டாலர், நேரம் மூன்று மணி, கூட்டம் எங்களையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறை அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதே தெருக்களில் அதே கதையைச் சொல்லும் வேறு பலருக்கும் அது பொருந்தக்கூடும். பெயரைவிட, இப்படியொரு சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே படிப்பவர்களுக்குப் பயன்படும்.

பதிவு செய்யும்போது அவர்கள் கொடுத்த வாக்குறுதி இரண்டு பகுதிகள் கொண்டது. வட அமெரிக்காவில் பிரிட்டன் ஆண்ட பதின்மூன்று குடியேற்றங்களின் தலைவர்கள் ஒரு பேரரசை விட்டு எப்படிப் பிரிந்தார்கள் என்பது முதற்பகுதி. பிரிந்தவர்கள் ஓர் அரசை எப்படி அமைத்தார்கள் என்பது இரண்டாம் பகுதி. முதற்பகுதியை அவர்கள் மிக நன்றாகச் செய்தார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

சுற்றுலா இரண்டாம் தெருவும் வால்நட் தெருவும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, சிட்டி டேவர்ன் என்ற பழைய விடுதியின் வாசலில் தொடங்கியது. 1773-இல் கட்டப்பட்ட அந்த விடுதி பிற்காலத்தில் இடிக்கப்பட்டு, 1976-ஆம் ஆண்டு இருநூறாவது ஆண்டு விழாவை ஒட்டி மறுபடியும் எழுப்பப்பட்டது என்பதை வழிகாட்டி மறைக்காமல் சொன்னார். அவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. தலையில் முக்கோணத் தொப்பி இல்லை, வாயில் நாடக வசனமும் இல்லை. அந்த வகையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் காதில் மாட்டிக்கொள்ள ஒரு சிறு கருவி கொடுத்தார்கள். என் கருவி பேருந்து கடக்கும்போதெல்லாம் கரகரத்தது. அப்பாவுடையது கடைசிவரை தெளிவாக இருந்தது. முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் நடப்பதற்கு முன்பே கருவியைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

நாங்கள் இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று தெரிந்ததும் அவர் ஆற்றின் பக்கம் கையைக் காட்டி ஒரு செய்தி சொன்னார். விடுதலைப் போரின் கடைசிக் கட்டத்தில், 1782 ஏப்ரலில், டெலவேர் விரிகுடாவில் வணிகக் கப்பல்களைக் காக்கப் பென்சில்வேனியா அனுப்பிய போர்க்கப்பல் ஒன்று, தன்னைவிட அதிகப் பீரங்கிகள் கொண்ட ஜெனரல் மங்க் என்ற ஆங்கிலேயக் கப்பலை அரை மணி நேரத்துக்குள் பிடித்தது. வென்ற பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் ‘ஹைதர் அலி’. அவர் அதை ‘ஹைடர் அல்லி’ என்று உச்சரித்ததால் எனக்கு உடனே பிடிபடவில்லை, அப்பாவுக்குப் பிடிபட்டுவிட்டது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள பொள்ளிலூரில் கும்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் நொறுக்கிய கதையை அவர் தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் விரிவாகச் சொல்ல, பதினாறு அமெரிக்கர்களும் நின்று கேட்டார்கள். எதிரிக்கு எதிரி நண்பன் என்ற கணக்கில் மைசூர்க்காரர் ஒருவரின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டிய ஊர் இது என்று தெரிந்ததற்கே பாதிக் கட்டணம் கழிந்துவிட்டதாக அப்பா பிறகு சொன்னார்.

முதல் அரை மணி நேரம் காரணங்களுக்கு. இதை வழிகாட்டி வரி, வரி என்று ஒரே சுருதியில் பாடாமல், கடன் கணக்கிலிருந்து தொடங்கினார். 1763-இல் முடிந்த ஏழாண்டுப் போர் பிரிட்டனுக்கு வெற்றியையும் பெருங்கடனையும் ஒன்றாகக் கொடுத்தது. அந்தக் கடனில் ஒரு பங்கைக் குடியேற்றங்கள் தாங்கட்டும் என்று இலண்டன் நினைத்தது. பத்திரம், செய்தித்தாள் போன்ற தாள்களுக்கு வரி விதித்த 1765-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் அந்த நினைப்பிலிருந்து வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த ஆண்டே சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்ட நாடாளுமன்றம், எந்தப் பொருளிலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றும் உரிமை தனக்கு உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் அன்றே போட்டு வைத்தது. பணத்தை விட்டுக்கொடுத்து அதிகாரத்தைப் பிடித்துவைத்த அந்த இரண்டாவது சட்டத்தைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடும். அவர் அங்கே நிறுத்தி, சண்டை எதைப் பற்றியது என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது என்றார். அப்பா தலையாட்டினார், அவர் தலையாட்டுவது எளிதில் நடக்கும் காரியமன்று.

தேயிலைக் கதையிலும் எங்கள் பாடநூலில் இல்லாத ஒன்று கிடைத்தது. பாஸ்டனில் 1773 டிசம்பர் 16-ஆம் நாள் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியது எல்லோருக்கும் தெரியும். அதே மாதம் பாலி என்ற கப்பல் இந்த ஊருக்கும் தேயிலை ஏற்றி வந்தது. அரசமாளிகை (ஸ்டேட் ஹவுஸ் எனப்பட்ட பென்சில்வேனியாச் சட்டமன்றக் கட்டடம்) முற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி, கப்பல் தலைவர் ஏயர்ஸை வரவழைத்து, ஒரு பெட்டியைக்கூட இறக்கவிடாமல் வந்த வழியே இலண்டனுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இறக்கினால் உடம்பில் தார் பூசி இறகு ஒட்டுவோம் என்று முன்பே துண்டறிக்கை அடித்து எச்சரித்திருந்ததால் அவரும் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. கிழக்கிந்தியக் கும்பெனி கிடங்கில் தேங்கிய தேயிலையை விற்றுக் கரையேறுவதற்காகவே 1773-ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் வந்தது என்பதையும், அந்தச் சட்டத்தால் தேயிலையின் விலை உண்மையில் குறைந்தது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். விலை குறைந்த பொருளை ஏன் கடலில் கொட்டினார்கள் என்று ஒரு சிறுவன் கேட்டான். ஒரு பவுண்டுக்கு மூன்று பென்னி வரி அதிலேயே ஒளிந்திருந்தது, வாங்கினால் வரி போடும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று விடை வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி இவ்வளவு சுருக்கமாக அதைச் சொல்ல முடியும் என்று நான் நினைத்ததில்லை.

அடுத்து, 1774 செப்டம்பர் 5-ஆம் நாள் காங்கிரஸுக்கு வந்த குடியேற்றப் பிரதிநிதிகள் சிட்டி டேவர்ன் விடுதியில் கூடி, அங்கிருந்து தச்சர் சங்கத்தின் கட்டடத்துக்கு நடந்துபோன வழியிலேயே எங்களையும் நடத்திச் சென்றார். இந்தச் சுற்றுலாவின் ஆகச் சிறந்த பகுதி இதுவே. காங்கிரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கதர்ச்சட்டை நினைவுக்கு வந்துவிடும். இங்கே அது பன்னிரண்டு குடியேற்றங்களின் தூதர்கள் கூடிய ஒரு கலந்தாய்வு மட்டுமே. ஜார்ஜியா ஆள் அனுப்பவில்லை. கார்பென்டர்ஸ் ஹால் சிலுவை வடிவில் அமைந்த, எளிய செங்கல் கட்டடம். இன்றும் அந்தத் தச்சர் சங்கத்துக்கே சொந்தமானது. சட்டமன்றத் தலைவர் ஜோசப் கேலவே அரசமாளிகையைத் தருகிறேன் என்று சொல்லியும், அவருடைய செல்வாக்கின் கீழ் உட்கார விரும்பாமல் தொழிலாளிகளின் கூடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கே உட்காருவது என்ற முடிவிலேயே அரசியல் இருந்தது.

அந்தக் கூடத்தில்தான் ஒரு குடியேற்றத்துக்கு ஒரு வாக்கு என்ற விதி பிறந்தது. மக்கள்தொகையை வைத்தோ செல்வத்தை வைத்தோ வாக்கைப் பங்கிடுவதற்குத் தேவையான விவரங்கள் தங்களிடம் இல்லை என்று பதிவு செய்துவிட்டு, தற்காலிக ஏற்பாடாக அதை வைத்துக்கொண்டார்கள். அரசருக்குக் கீழேயே அமெரிக்காவுக்கென ஒரு பெருமன்றம் அமைத்துக்கொள்ளலாம் என்று கேலவே கொண்டுவந்த திட்டம், ஆறு குடியேற்றங்களுக்கு ஐந்து என்ற கணக்கில், ஒரே வாக்கில் ஒத்திவைக்கப்பட்டதும் இங்கேதான். வழிகாட்டி இந்த இரண்டையும் சொன்னார். ஆனால் அந்தத் தற்காலிக விதி பின்னால் என்னவாயிற்று என்று சொல்லவேயில்லை. அந்தக் குறை அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிற்பகலில் யோசித்துப் பார்த்தபோதுதான் சுற்றுலாவின் மொத்தக் குறையும் அங்கேயே முளைவிட்டிருந்தது தெரிந்தது.

இண்டிபெண்டன்ஸ் ஹால் எனப்படும் அரசமாளிகைக்குள் தனியார் வழிகாட்டிகள் விளக்கம் சொல்வதில்லை. தேசியப் பூங்காத் துறையின் ரேஞ்சர் ஒருவரே குழுவை உள்ளே அழைத்துச் செல்கிறார். நேரம் குறித்த நுழைவுச் சீட்டு வேண்டும். முன்பதிவுக்கு ஒரு டாலர்தான். ஆகவே உங்கள் 42 டாலர் அந்தக் கட்டடத்துக்காக அன்று. வெளியே நடக்கும் பேச்சுக்காக. இதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். பைகளைச் சோதிக்கும் வரிசையில் இருபது நிமிடம் போயிற்று. அந்த நேரமும் மூன்று மணியில்தான் கழிகிறது.

உள்ளே பெருமன்ற அறையில் நின்றிருந்த அந்தக் கால் மணி நேரத்தை எளிதில் மறக்க முடியாது. பச்சைத் துணி விரித்த மேசைகள், அவற்றின்மேல் இறகுப் பேனாக்கள், வளைந்த முதுகுடைய மர நாற்காலிகள், உயரமான சன்னல்கள். இவற்றில் பெரும்பாலானவை அந்தக் காலத்துப் பொருள்களே தவிர, அந்த அறையில் அன்று கிடந்தவை அல்ல. ஆனால் மேடையில் தலைவருக்கான நாற்காலி மட்டும் அசல். 1779-இல் செய்யப்பட்டது, நாட்டின் அரசமைப்பை எழுதிய 1787 மாநாட்டில் வாஷிங்டன் அமர்ந்தது. முதுகுப் பலகையின் உச்சியில் பொன் பூசிய பாதிச் சூரியன், அதன்மேல் கதிர்கள். அப்பா கயிற்றுத் தடுப்பின் ஓரத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, அந்தச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்பூச்சு அங்கங்கே மங்கியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். மாநாட்டின் கடைசி நாளில் பெஞ்சமின் பிராங்க்ளின் அந்தச் சூரியனைப் பற்றிச் சொன்னதாக, மாநாட்டில் குறிப்பெடுத்த பிரதிநிதி மேடிசன் எழுதிவைத்திருக்கிறார்: இது எழும் சூரியனா, விழும் சூரியனா என்று இத்தனை நாளாகத் தம்மால் சொல்ல முடியவில்லை, இப்போது எழும் சூரியனே என்று தெரிந்துகொண்டேன் என்றாராம். ரேஞ்சர் அதைச் சொல்லி முடித்ததும் குழு வெளியேற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்தச் சூரியன் ஏன் நான்கு மாதம் சந்தேகத்துக்கு இடமாயிருந்தது என்பதை, வெளியே போனதும் எங்கள் வழிகாட்டி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் வெளியே 1776 ஜூலைக்குத் திரும்பிப்போனார். அதிலும் நல்ல விவரங்கள் இருந்தன என்பதை மறுக்க முடியாது. ஜூலை 1-ஆம் நாள் நடந்த முன்னோட்ட வாக்கெடுப்பில் ஒன்பது குடியேற்றங்களே விடுதலைக்கு ஆதரவு. பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் எதிர்ப்பு. டெலவேரின் இரண்டு பிரதிநிதிகள் ஆளுக்கொரு பக்கம். நியூயார்க் தனக்கு உத்தரவு வரவில்லை என்று ஒதுங்கி நின்றது. அன்று இரவு சீசர் ராட்னி புயல் மழையில் டெலவேரிலிருந்து குதிரையில் வந்து மறுநாள் தன் குடியேற்றத்தின் முடிச்சை அவிழ்த்தார். பென்சில்வேனியாவில் ஜான் டிக்கின்சனும் ராபர்ட் மாரிஸும் வாக்களிக்காமல் விலகிக்கொண்டதால், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதுவும் சாய்ந்தது. ஆக விடுதலைக்கு வாக்களித்த நாள் ஜூலை 2. ஜூலை 4, விடுதலை அறிக்கையின் வாசகத்தை ஏற்றுக்கொண்ட நாள் மட்டுமே. பெரும்பாலானோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2-இல். இதையெல்லாம் தெளிவாகச் சொன்ன அதே வழிகாட்டி, ஜூலை 4 அன்று வெயிலில் அனைவரும் வெந்துபோனார்கள் என்றும் சொன்னார். ஜெபர்சன் அன்று புதிதாக ஒரு வெப்பமானி வாங்கி, பகல் ஒரு மணிக்கு 76 டிகிரி பாரன்ஹீட் என்று தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். நம் கணக்கில் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ். எங்கள் ஊரில் அதைக் கொடைக்கானல் என்போம்.

இனி என் முதன்மைக் குறைக்கு வருகிறேன். 1776 ஜூன் 7-ஆம் நாள் ரிச்சர்ட் ஹென்றி லீ கொண்டுவந்த தீர்மானத்தில் மூன்று கூறுகள் இருந்தன: விடுதலை, அயல்நாட்டு உறவு, குடியேற்றங்களை இணைக்கும் கூட்டமைப்பு. முதற்கூறுக்கு அறிக்கை எழுத ஜெபர்சன், ஆடம்ஸ், பிராங்க்ளின், ஷெர்மன், லிவிங்ஸ்டன் என்று ஐவர் குழு அமைத்தார்கள் என்பதை ஒவ்வொரு வழிகாட்டியும் சொல்லுவார். மூன்றாம் கூறுக்கும் ஒரு குழு அமைத்தார்கள். கூட்டமைப்பு விதிகளின் முதல் வரைவை எழுதியவர், விடுதலைக்குக் கடைசிவரை தலையாட்டாத அதே டிக்கின்சன். பிரிவதற்கு நேரம் வரவில்லை என்று வாதாடியவர், பிரிந்தால் என்ன செய்வது என்பதற்கான திட்டத்தைப் பையில் வைத்திருந்தார். வாக்கெடுப்பில் தோற்றதும் அறிக்கையில் கையெழுத்திட மறுத்துவிட்டு, நாட்டுப் படையோடு போருக்கும் போனார். அவருடைய கதை இந்தச் சுற்றுலாவின் நடுவே நிற்க வேண்டியது. ‘தயங்கியவர்களில் ஒருவர்’ என்ற இரண்டு சொற்களோடு அவரை அனுப்பிவிட்டார்கள்.

அதற்கும் முன்னால், 1776 மே மாதமே, பழைய அரசர் ஆட்சி செயலற்றுப்போன இடங்களில் மக்களே தங்களுக்கான அரசை அமைத்துக்கொள்ளட்டும் என்று காங்கிரஸ் குடியேற்றங்களுக்குப் பரிந்துரைத்திருந்தது. நியூ ஹாம்ப்ஷர் சனவரியிலேயே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்தது. வர்ஜீனியா ஜூனில் தன் அரசமைப்பை எழுதி முடித்தது. 1774-இல் முடிவு செய்த இறக்குமதிப் புறக்கணிப்பை நடத்தி வைக்க ஊருக்கு ஊர் தோன்றிய குழுக்களே, யார் எதை விற்கிறார்கள், யார் தேநீர் குடிக்கிறார்கள் என்று கண்காணித்து, மெல்ல மெல்ல அரசாங்கத்தின் வேலைகளைச் செய்யத் தொடங்கியிருந்தன. அதாவது, அரசு என்பது அறிக்கைக்குப் பிறகு வந்தது அன்று. அறிக்கை வரும்போது கீழ்மட்டத்தில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பேரரசை உடைத்தது எப்படி என்று கேட்பவருக்கு இதைவிடச் சரியான விடை கிடையாது. மூன்று மணி நேரத்தில் இதற்கு ஒரு நிமிடமும் ஒதுக்கப்படவில்லை.

பிறகு போர் ஒரே மூச்சில் முடிந்தது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் காரன்வாலிஸ் சரணடைந்தார் என்று சொல்லிவிட்டு வழிகாட்டி நடையைக் கூட்டியபோது அப்பா என் காதோரம் குனிந்து, “இந்த ஆளுதாம்மா பதினோரு வருஷம் கழிச்சு நம்ம திண்டுக்கல்லைத் திப்புகிட்டேர்ந்து கும்பெனிக்கு எழுதி வாங்குனது” என்றார். உண்மைதான், 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல்லும் சேலம் பக்கத்துப் பாராமகாலும் கைமாறின. இங்கே தோற்றுப்போனவருக்கு அங்கே தலைமை ஆளுநர் பதவி கொடுத்து அனுப்பினார்கள். ஒரு கண்டத்தில் இழந்த பேரரசு இன்னொரு கண்டத்தில் ஈடு தேடிக்கொண்டது என்பது அமெரிக்கர்கள் சொல்லும் கதையில் வராது. அதை அவர்களிடம் எதிர்பார்க்கவும் முடியாது.

1781-க்கும் 1787-க்கும் இடையே என்ன நடந்தது? வழிகாட்டியின் கணக்கில் “சில சிக்கல்கள் இருந்தன.” அந்தச் சிக்கல்களில் ஒன்று நாங்கள் நின்றுகொண்டிருந்த அதே முற்றத்தில் நடந்தது. 1783 ஜூன் மாதம் சம்பளப் பாக்கி கேட்டு நூற்றுக்கணக்கான படைவீரர்கள் துப்பாக்கியோடு வந்து இந்தக் கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். காப்பாற்றும்படி காங்கிரஸ் பென்சில்வேனியா அரசைக் கேட்டது. அது படையை அழைக்கத் தயங்கியது. உலகின் பெரிய பேரரசை வென்ற பெருமன்றம் தன் வாசலைக் காத்துக்கொள்ள ஒரு காவலனும் இல்லாமல் பிரின்ஸ்டனுக்குக் கிளம்பிப் போயிற்று. கூட்டமைப்பு விதிகளின் கீழ் அதற்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாநிலங்களிடம் கேட்டு வாங்க வேண்டும், அவை கொடுத்தால் உண்டு. இறக்குமதிப் பொருள்மேல் நூற்றுக்கு ஐந்து வரி விதிக்க அனுமதி கேட்டபோது, விதிகளைத் திருத்த எல்லா மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும் என்பதால், ரோட் ஐலண்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலம் மறுத்ததும் திட்டம் விழுந்தது. வரி என்ற சொல்லால் பிரிந்தவர்கள் வரி இல்லாமல் தடுமாறினார்கள். அந்த முற்றத்துப் புல்வெளியில் நின்று இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். கேட்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எழும் சூரியனா விழும் சூரியனா என்ற பிராங்க்ளினின் ஐயமும் அப்போதுதான் புரியும்.

1787 மாநாட்டுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அதிலும் பாதி, சன்னல்களை அடைத்துவிட்டு இரகசியமாகப் பேசினார்கள் என்ற சுவையான செய்திக்கு. மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, ஐம்பத்தைந்து பேர் வந்துபோன அந்த மாநாட்டின் நடுநரம்பு, மாநிலத்துக்கு ஒரு வாக்கா, தலைக்கு ஒரு வாக்கா என்ற சண்டை. தச்சர் கூடத்தில் விவரம் இல்லை என்று தற்காலிகமாக வைத்துக்கொண்ட விதியைச் சிறிய மாநிலங்கள் பதின்மூன்று ஆண்டுகளில் உரிமையாக மாற்றிக்கொண்டிருந்தன. ஜூலை 16-ஆம் நாள், ஒரு மன்றத்தில் மக்கள்தொகைப்படியும் மற்றொன்றில் மாநிலத்துக்குச் சமமாகவும் இடம் என்று பங்கு பிரித்துக்கொண்டு தப்பித்தார்கள். காலையில் எங்களை அந்தக் கூடத்தில் நிறுத்தியவர் இங்கே ஒரே ஒரு வாக்கியத்தால் முடிச்சுப் போட்டிருக்கலாம். அந்தத் தலைக்கணக்கில் அடிமைகளை ஐந்துக்கு மூன்றாக எண்ணியதைச் சொன்னார். கடைசி நாளில் அங்கே இருந்தவர்களுள் மேசன், ராண்டால்ஃப், கெர்ரி ஆகிய மூவர் கையெழுத்திட மறுத்ததைச் சொல்லவில்லை.

அடிமைமுறையைப் பொறுத்தவரை நிறுவனம் நேர்மையாகவே நடந்துகொண்டது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஆறாம் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடத்தில் வாஷிங்டன் குடியரசுத் தலைவராக வாழ்ந்த வீட்டின் அடித்தளத்தைக் கண்ணாடிக்குக் கீழே பார்க்கலாம். அந்த வீட்டில் அவர் ஒன்பது அடிமைகளை வைத்திருந்தார். பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் தொடர்ந்து தங்கும் அடிமை விடுதலை கோரலாம் என்பதால், ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்வார். 1796-இல் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் அந்த வீட்டிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷருக்குப் போய்விட்டார். வாஷிங்டன் ஆள் அனுப்பியும் திரும்பவில்லை. அங்கிருந்து ஏழாம் தெருவுக்கு நடந்து, ஜெபர்சன் மாடியில் வாடகைக்குத் தங்கி அறிக்கையை எழுதிய வீட்டின் மறுகட்டுமானத்தைக் காட்டியபோது, அவருக்குப் பணிவிடை செய்ய ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற பதினான்கு வயது அடிமைச் சிறுவன் உடன் இருந்ததையும் வழிகாட்டி சொன்னார். குரலை உயர்த்தவில்லை, மன்னிப்புக் கேட்கும் தொனியும் இல்லை. விடுதலை மணியைப் பற்றியும் அப்படியே: 1776 ஜூலை 4-இல் அது முழங்கிய கதைக்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டு, 1752-இல் கடல் கடந்து வந்து முதல் சோதனையிலேயே விரிசல் விட்ட மணியை உள்ளூர் வார்ப்பாளர்கள் பாஸ், ஸ்டோ ஆகிய இருவர் உருக்கி மீண்டும் வார்த்ததைச் சொன்னார். மணியில் அந்த இருவர் பெயரும் இருக்கிறது. எழுத்துகளைப் படிக்க நெருங்கிப் போக வேண்டும்.

சுற்றுலா ஏழாம் தெருவில் முடிந்தது. முடியும்போது மதிப்பீட்டுப் படிவம் கேட்டார்கள். அப்பா தன் வழக்கப்படி விடைத்தாள் திருத்துவதுபோல் ஓரத்தில் குறிப்பெழுதி, நூற்றுக்கு அறுபத்தைந்து போட்டார். நானும் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். வழிகாட்டியின் பேச்சுக்கு நான்கரை. பாதை வகுத்தவர்களுக்கு இரண்டரை. பதிவு செய்வதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 1783-க்கும் 1787-க்கும் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள், காங்கிரஸ் ஹாலுக்குள் அழைத்துப் போகிறார்களா.

இரண்டாவதை ஏன் கேட்க வேண்டும் என்றால், அது அரசமாளிகைக்கு ஒட்டினாற்போல் நிற்கும் கட்டடம். 1790 முதல் 1800 வரை இந்த ஊர் தலைநகரமாக இருந்தபோது நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அங்கேதான் கூடின. எங்கள் குழு அதன் சுவரை உரசிக்கொண்டு இரண்டு முறை கடந்தும் உள்ளே போகவில்லை. நாங்கள் இருவரும் மதிய உணவுக்குப் பிறகு தனியாகத் திரும்பி வந்து, மறுபடியும் பைச் சோதனை வரிசையில் நின்று, காசில்லாமல் பார்த்தோம். கீழ்த்தளத்தில் பிரதிநிதிகள் அவை. 1797 மார்ச் 4-ஆம் நாள் ஜான் ஆடம்ஸ் அங்கே பதவி ஏற்றுக்கொள்ள, வாஷிங்டன் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். ரேஞ்சர் அதைச் சொன்னபோது எங்களோடு மொத்தம் ஆறு பேர் இருந்தோம். அப்பா, “கேள்வி கேக்கலாமாம்மா?” என்று என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு அவரிடம் நான்கு கேள்விகள் கேட்டார், நான்குக்கும் விடை கிடைத்தது.